பழைய நான்கு சக்கர இயக்க ஏடிவி: எதைப் பார்த்து வாங்குவது, எதில் முதலில் செலவு செய்வது

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு மேல் பழமையான, கார்புரேட்டர் வைத்த 400 சிசி ஏடிவி (கரடுமுரடான தரையிலும் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. நான்கு சக்கர இயக்கம் மட்டும் சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது என்கிறார் விற்பவர். சேற்றுப் பாதையில் சுமை இழுக்கத் தேவைப்படுகிறது. வாங்கியதும் 25 அங்குல டயர்களை மாற்றி 27 அங்குல டயர், உயரம் கூட்டும் கிட், வின்ச் (வடத்தைச் சுருட்டி இழுக்கும் மின் கருவி) ஆகியவற்றைப் பொருத்த எண்ணுகிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் விற்பவர் “மட்டும்” என்று சொல்லி ஒதுக்குகிற பகுதியைப் பார்த்துத்தான் நீங்கள் விலை பேச வேண்டும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்குப் பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவது பழகிய மெக்கானிக்குக் கடினமான வேலை அன்று. அதே வயதுடைய முன் டிஃபரன்ஷியலின் (எஞ்சின் சக்தியை இரு முன் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் அமைப்பு) பற்சக்கரங்கள் தேய்ந்திருந்தால், உதிரி பாகம் இன்னும் தயாரிக்கப்படுகிறதா என்பதிலிருந்தே தேடத் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே பேரத்துக்கு முன்பே மாடலின் பெயரை வைத்து, முன் டிஃபரன்ஷியல், ஆக்ஸில் ஆகியவற்றின் பாகங்கள் கிடைக்கின்றனவா என்று விசாரித்துவிடுங்கள். விற்பவர் சொல்லும் ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம்; சேசிஸில் பொறித்துள்ள 17 இலக்க அடையாள எண்ணில் பத்தாவது எழுத்து பெரும்பாலும் மாடல் ஆண்டைக் குறிக்கும். அந்த எண் ஆவணத்தோடு ஒத்துப்போகாத வண்டியைத் தொடவே வேண்டாம்.

“பிடிக்கும், பிடிக்காது” என்ற குறைக்கு எல்லா வண்டிகளிலும் ஒரே பொருள் இல்லை. 1988 முதல் 2000 வரை வந்த ஹோண்டா ஃபோர்டிராக்ஸ் 300 நான்கு சக்கர மாடலில் முன் சக்கரங்கள் எப்போதும் இயக்கத்தில் இருக்கும், சுவிட்சே கிடையாது. அத்தகைய வண்டியில் முன் சக்கரம் இழுக்கவில்லை என்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். போலாரிஸின் பழைய மாடல்களில் சுவிட்சைப் போட்டதும் ஒரு மின்காந்தச் சுருள் தயார் நிலைக்கு வரும். பின் சக்கரங்கள் வழுக்கும்போதுதான் உருளைகள் நெருக்கப்பட்டு முன் சக்கரம் இழுக்கத் தொடங்கும். அது இழுக்காமல் போவதற்குக் கம்பி அறுந்திருப்பதோ, அந்த அமைப்புக்கெனக் குறிப்பிட்ட திரவத்துக்குப் பதிலாக வேறு எண்ணெயை ஊற்றியிருப்பதோகூடக் காரணமாகலாம். யமஹாவின் பொத்தான் வகையில் டிஃபரன்ஷியலின் மீதுள்ள சிறு மோட்டாரும் அதன் மின் இணைப்பும் ஈரத்தால் அரிக்கப்படுவது உண்டு. இவ்விரண்டு வகைகளிலும் குறை மின்சாரத்தில் இருந்தால் சரிசெய்வது பெரும்பாலும் எளிது.

கண்டறிய, நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாதபடி வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, குறைந்த கியரில் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். முன்னால் பூட்டு இல்லாத டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு முன் சக்கரம் மட்டும் சுழன்றால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த வகையின் இயல்பு அதுவே. பிறகு டிஃபரன்ஷியலின் எண்ணெயில் சிறிதளவு வடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். பால் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் உரசும் உலோகத் துகள் என்றால் பற்சக்கரம் தேய்கிறது. அனுமதி மறுத்தால், டிஃபரன்ஷியல் போய்விட்டது என்றே கணக்கிட்டு விலை சொல்லுங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போதே அது சூடாக இருந்தால், காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாத வண்டியோ என்று சந்தேகிப்பதில் தவறில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதைத் தாண்டிய குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால், அந்த மண் உள்ளே போய் ரிங்குகளைத் தேய்த்திருக்கக்கூடும். அழுத்தச் சோதனையின் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்: இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் ஸ்டார்ட் செய்வதை எளிதாக்க வால்வைச் சற்றே திறக்கும் அமைப்பு உள்ளதால், நல்ல எஞ்சினும் குறைந்த அழுத்தம் காட்டும். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, கசிவை அளக்கும் சோதனையே நம்பத்தக்கது. கடைசியாக, முன்பகுதியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழுமாகவும், பக்கவாட்டிலும் அசைத்தால் பேரிங், பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு), டை ராட் (கைப்பிடியின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டு) ஆகியவற்றின் ஆட்டம் கையிலேயே தெரியும்.

வாங்கிய பின் முதல் செலவு எண்ணெய்கள், பிரேக், ஆக்ஸில் ரப்பர் உறைகள், பேரிங்குகள் ஆகியவற்றுக்கே. பழைய மாடல்கள் சிலவற்றின் முன் டிரம் பிரேக்கில் சேற்று நீர் புகுந்து தேங்கும். பிரேக் ஒழுங்காகும் வரை வேறெதையும் வாங்காதீர்கள். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் உள்ள வண்டிக்கு ஜாஸோ எம்ஏ (அத்தகைய கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜப்பானியத் தரம்) தரக்குறி உள்ள எண்ணெயை ஊற்றுங்கள். உராய்வைக் குறைக்கும் கார் எண்ணெய் கிளட்சை வழுக்கச் செய்யலாம்.

27 அங்குல டயர் வேண்டாம் என்பதே என் கருத்து. 25 அங்குலத்திலிருந்து அதற்குப் போவது கியர் விகிதத்தையே ஏறக்குறைய 8 சதவீதம் மாற்றுவதற்குச் சமம். சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை அதே அளவுக்குக் குறையும், டயரின் கூடுதல் எடையும் சேரும். புதிய 700 சிசி வண்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். பழைய 400 சிசி வண்டியில், பெல்ட் வழியாகச் சக்தியைக் கடத்தும் வகையானால் பெல்ட் சூடேறித் தேயும், கியர் வகையானால் கிளட்ச் தேயும். சுமை இழுப்பவருக்கு இது நேர் எதிரான மாற்றம். அதே அளவில் ஆழமான பட்டைகள் கொண்ட டயரை வாங்குங்கள். முன், பின் டயர்களின் சுற்றளவு விகிதம் பழையபடியே இருக்கட்டும். மாறினால் நான்கு சக்கர இயக்கத்தில் டிஃபரன்ஷியல்கள் ஒன்றையொன்று இழுத்து இறுகும். காற்றழுத்தம் பல வண்டிகளில் 5 பிஎஸ்ஐ அளவுதான் என்பதால், சாதாரண மீட்டர் உதவாது. குறைந்த அழுத்தம் காட்டும் மீட்டர் தேவை.

வின்ச் பயனுள்ள செலவு. சுமையோடு சேர்த்த மொத்த எடையின் ஒன்றரை மடங்கு என்பது குறைந்தபட்சத் திறன். சேற்றின் பிடிப்பையும் எண்ணினால் உங்கள் வண்டிக்கு 2,500 பவுண்டு வின்ச் பொருந்தும். ஆனால் முழுச் சுமையில் அது 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். பழைய ஸ்டேட்டரால் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் பகுதி) அதைத் தர இயலாது, பேட்டரிதான் தர வேண்டும். எனவே நல்ல பேட்டரி போட்டு, அதிலிருந்து நேரடியாகத் தடித்த கம்பி எடுத்து, எஞ்சினை ஓடவிட்டபடி சிறிது சிறிதாக நிறுத்தி இழுக்க வேண்டும்.

டயர் அளவு மாறாவிட்டால் உயரம் கூட்டும் கிட்டுக்கு வேலையே இல்லை. அது ஈர்ப்பு மையத்தை உயர்த்திச் சரிவில் கவிழும் அபாயத்தைக் கூட்டுவதோடு, ஆக்ஸில் மூட்டுகளை அதிகக் கோணத்தில் வளைத்துச் சீக்கிரம் தேய்க்கும். அந்தப் பணத்தில் அடிப்பகுதிக்கும் ஆக்ஸில் உறைகளுக்கும் காப்புத் தகடு போடுங்கள்.