வேர்களுக்குள் ஒரு முகம்: வாசகர் கேள்வி பதில்

கம்போடியாவின் தா ப்ரோம் கோயில் படங்களைப் பார்த்தால் அழகாகவும் இருக்கிறது, வயிற்றுக்குள் என்னவோ செய்யவும் செய்கிறது. மரங்கள் கோயிலைத் தின்றுகொண்டிருக்கின்றன, ஏன் ஒருவரும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்?
வாசகி, காரைக்குடி

வெட்டினால் சுவரும் கூடவே வந்துவிடும் என்பது முதல் காரணம். தா ப்ரோம் இருக்கும் பழைய தலைநகரான அங்கோரின் கோயில்களில் கல்லோடு கல்லை ஒட்டச் சாந்து வைக்கவில்லை, மணற்கல்லை இழைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான், எடைதான் பிடிமானம். பறவை எச்சத்தோடு விழுந்த ஓர் இத்தி விதை கூரை இடுக்கில் முளைத்துவிட்டால் போதும், வேர் அந்த இடுக்கு வழியாகவே மண்ணைத் தேடி இறங்கும், மண்ணைத் தொட்டதும் பருக்க ஆரம்பிக்கும், பருத்த வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுவரையே சுற்றி வளைத்துவிடும். கல்லைப் பிளப்பதும் அதே வேர், பிளந்த கல் விழாமல் தாங்குவதும் அதே வேர். மரம் பட்டுப்போய் வேர் மக்கினால் அந்த இடம் வெற்றிடம், அடுத்த பெருமழைக்கு அப்படியே சரியும். மரம் இருந்தாலும் வம்பு, போனாலும் வம்பு.

இரண்டாவது காரணம் ரசனை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அங்கோரில் காட்டை வெட்டிக் கோயில்களை மீட்டபோது, இந்தக் கோயிலைக் கண்டபடியே, கிட்டத்தட்ட அப்படியே விட்டுவைப்பது என்று முடிவு செய்தார்கள். வருகிறவர்கள் ஒரு கோயிலையாவது காட்டுக்குள் பார்க்கட்டும் என்ற எண்ணம். ஆனால் 'அப்படியே விட்டது' என்றால் யாரும் தொடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சாயும் சுவருக்கு முட்டு, மிதிபடக் கூடாத வேர் மேல் மரப்பலகை நடைபாதை என்று ஓயாமல் வேலை நடக்கிறது. நம் இந்தியத் தொல்லியல் துறைதான் பல வருடங்களாகக் கம்போடிய அரசோடு சேர்ந்து அங்கே பணி செய்கிறது, இடிந்து கிடந்த ஆடல் மண்டபத்தைக் கல் கல்லாக அடுக்கி நிறுத்தியதும் அவர்கள்தான். கைவிடப்பட்ட மாதிரி தெரிவதற்கே இவ்வளவு கவனிப்பு வேண்டியிருக்கிறது, எனக்கு அந்தக் கோயிலில் பிடித்த விஷயமே இதுதான்.

உங்கள் வயிற்றுக்குள் என்னவோ செய்வதற்கு அங்குள்ள கல்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் 1186இல் தன் தாயின் நினைவாக எழுப்பிய பௌத்த விகாரம் அது. உள்ளே 12,640 பேர், அவர்களில் ஆடல் மகளிர் 615 பேர், இவர்களுக்குச் சோறும் துணியும் எண்ணெயும் வர 3,140 ஊர்கள் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல் மகளிர், 400 பேருக்கு ராஜராஜன் வீடு ஒதுக்கியதைப் படித்திருப்பீர்கள், அந்த மாதிரி கணக்கு. இன்று அங்கே ஒரு சுவரில் வேர்கள் முழுக்க மூடிவிட்டு ஓர் ஆள் முகம் அளவுக்குக்கூட இல்லாத சந்து விட்டிருக்கின்றன, அதற்குள்ளிருந்து ஒரு கல் தேவதை எட்டிப் பார்க்கிறாள். உடம்பு இல்லை, முகம் மட்டும், லேசான சிரிப்போடு. சந்து இன்னும் எத்தனை காலம் திறந்திருக்கும் என்பது அந்த மரத்தைக் கேட்க வேண்டிய கேள்வி.

அங்கே கூரை மேல் நிற்கும் அந்த வெள்ளை மரம் இலவமா, ஆலா?
வாசகர், தேனி

இரண்டு வகை மரங்கள் கலந்து கிடக்கின்றன. மெல்லிய வேர்களால் பின்னிக்கொள்வது இத்தி வகை, ஆலுக்கும் அரசுக்கும் பங்காளி. வெளிர்நிறத்தில் வானத்தைத் தொட்டுக்கொண்டு, பாம்பு படுத்த மாதிரி வேரைப் பரப்பி நிற்பதை இலவம் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள், அது டெட்ராமெலிஸ் என்ற வேறு மரம். உங்கள் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, கோயில் கிடைக்காததால் அங்கே புகழ் இல்லை.

எங்கள் ஊர் சிவன் கோயில் விமானத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. தா ப்ரோம் மாதிரி அழகாக வரும், விடுங்கள் என்கிறான் என் மகன். விடலாமா?
வாசகர், கும்பகோணம்

விடக் கூடாது. மகனுக்குக் கோபம் வராமல் சொல்லுங்கள்: தா ப்ரோமில் இன்று நித்திய பூஜை கிடையாது, உங்கள் கோயிலில் உண்டு, விமானத்துக்கு அடியில் சாமியும் அர்ச்சகரும் இருக்கிறார்கள். கன்று சாண் உயரத்தில் இருக்கும்போதே எடுப்பதுதான் சுலபம். மேலாக ஒடித்துப் போடுவதில் பயனில்லை, சுதைக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருக்கும் வேர் மறுபடி துளிர்க்கும், முன்னைவிடத் தடியாக. உழவாரப் பணிக்குப் போகும் இளைஞர்கள் ஆர்வத்தில் ஏறி இழுப்பதும் வேண்டாம், வேரோடு சுதைப் பொம்மையின் கை வந்துவிடும். பழைய கோயில் என்றால் அதைப் பார்த்துக்கொள்ளும் அரசுத் துறைக்கு எழுத்து மூலம் சொல்லி, சுண்ணாம்புச் சாந்து தெரிந்த ஸ்தபதி வந்து வேரை எடுத்து, கையோடு இடுக்கையும் அடைக்க வேண்டும். சிமெண்ட் பூச யாராவது மூட்டையோடு வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

பாழடைந்த இடங்களுக்குத் தனியாகப் போகலாமா? எனக்குப் பேய் பயம் கிடையாது.
வாசகர், ஈரோடு

பேயை விட்டுத்தள்ளுங்கள், புல் மூடிய பாழுங்கிணறு, பிடித்தால் கையோடு வரும் கல், நிழலுக்கு ஒதுங்கிய பாம்பு, இவற்றுக்குப் பயப்படுங்கள். துணைக்கு ஒருவர், கையில் ஒரு கம்பு.

அந்தமானில் ராஸ் தீவு இப்படித்தான் இருக்கும் என்கிறார்களே, சுற்றுலாவில் சேர்க்கலாமா?
வாசகி, சென்னை

தாராளமாக. பழைய போர்ட் பிளேரிலிருந்து, இப்போது அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம், கொஞ்ச நேரப் படகுப் பயணம்தான். தீவின் பெயரும் 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று மாறிவிட்டது, படகுக்காரரிடம் ராஸ் என்றாலும் புரியும்.

1858க்குப் பிறகு ஆங்கிலேயர் கைதிகளை வைத்துக் காட்டை வெட்டித் தங்களுக்கு ஒரு சின்ன ஊர் கட்டினார்கள். தேவாலயம், பேக்கரி, நீச்சல் குளம், நடன அரங்கு எல்லாம் இருந்தன. நிலநடுக்கம் 1941இல் வந்தது, ஜப்பானியர் 1942இல் வந்தார்கள், அதோடு அந்த வாழ்வு முடிந்தது. பிறகு மரங்கள் திரும்ப வந்தன. தேவாலயச் சுவரில் வேர் இறங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால், செங்கலைத் தாங்குவது சாந்தா வேரா என்று சொல்ல முடியாது. தா ப்ரோமைப் பார்த்து வரும் மயக்கம் எனக்கு இங்கே வரவில்லை, கால் விலங்கோடு வந்த கைதிகள் அடுக்கிய செங்கல் என்று தெரிந்துவிட்டதால் இருக்கலாம். இங்கே மரங்கள் பக்கம்தான் என் ஓட்டு.

வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிமான்கள் கூச்சமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும், ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள். பிஸ்கட் மட்டும் கொடுக்காதீர்கள், உங்கள் பையை அவை ஏற்கெனவே கவனித்துக்கொண்டுதான் இருக்கும்.