துவாலு போன்ற குட்டித் தீவு நாடு முன்னேறுகிறதா என்று எப்படி அளப்பது? ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, போதுமா?

போதாது. நான் புள்ளிவிவர அட்டவணைகளோடு மாரடிக்கிறவன். துவாலுவின் கணக்கை முதல் தடவை திறந்தபோது தட்டச்சுப் பிழை என்றே நினைத்தேன். மொத்த தேசிய வருமானம் (வெளியிலிருந்து வருவதையும் சேர்த்து நாட்டுக்குக் கிடைப்பது), மொத்த உள்நாட்டு உற்பத்தியை (நாட்டுக்குள் உற்பத்தியாவது) எங்கேயோ தாண்டி நிற்கிறது. பெரிய நாடுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே போகும்.

காரணம் மீன். நிலம் 26 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 11,000. ஆனால் அதன் கடல் எல்லை ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே சூரை பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்கள், ஒரு கப்பலுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் உரிமம் வாங்குகின்றன. இது கிட்டத்தட்ட வாடகை. ஊரில் யாரும் உற்பத்தி செய்ததில்லை. அதனால் வருமானத்தில் வரும், உற்பத்தியில் வராது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடத்தில் சூரைக் கூட்டம் கிழக்கே நகர்ந்தால் ஒரு கணக்கு, நகராவிட்டால் வேறு கணக்கு. இப்படி ஏறி இறங்கும் பணத்துக்குத் தாங்கலாக 1987-ல் ஒரு அறக்கட்டளை நிதி தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், வளர்ச்சி விகிதத்துக்கு முன்னால் அந்த நிதியின் இருப்பைத்தான் பார்ப்பேன்.

அடுத்த சிக்கல், வகுக்கும் எண் சின்னது. வருடத்துக்கு 250 பிரசவம் என்று வையுங்கள். ஒரே ஒரு தாய் இறந்தால் லட்சத்துக்கு 400 என்று வரும். அடுத்த வருடம் யாரும் இறக்கவில்லையா, பூஜ்யம். மருத்துவமனையில் எதுவும் மாறியிருக்காது. ஐந்து, பத்து வருடத்தைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஐ.நா. மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது: தனிநபர் வருமானம், கல்வியும் உடல்நலமும், அப்புறம் அதிர்ச்சியைத் தாங்கும் திறன். முதல் இரண்டில் துவாலு தேறிவிட்டது. மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று 2012-லேயே பரிந்துரையும் வந்தது. முடிவு மட்டும் தள்ளிக்கொண்டே போனது, மூன்றாவதில் நிலைமை அவ்வளவு மோசம். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள நாட்டில் இந்தத் தயக்கம் நியாயம்தான்.

எண்ணில் சரியாகப் பிடிபடாத ஒன்று, புலக்கா. சேப்பங்கிழங்கு இனம். பவளத் தரையில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, அடியில் தேங்கும் நன்னீரைத் தொட்டு, இலைதழையை மக்கவைத்துப் போட்டு வளர்ப்பார்கள். பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான். சந்தைக்கே வராததை உத்தேசமாக மதிப்பிட்டுத்தான் கணக்கில் சேர்க்க முடியும். கடல்நீர் கசிந்து குழி உப்பேறினால் அந்தக் குடும்பம் கடையில் அரிசி வாங்கும். கடை வியாபாரம் கூடியதாகப் பதிவாகும்!

இப்போது புதிதாக ஒன்று. ஆஸ்திரேலியாவுடன் 2023-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி வருடத்துக்கு 280 பேர் வரை அங்கே குடியேறலாம். 11,000-ல் 280 என்றால் இரண்டரை சதவீதம். போனவர்கள் அனுப்பும் பணத்தால் வருமானம் கூடும், தலை எண்ணிக்கை குறைவதால் சராசரி இன்னும் கூடும். போனவர்களில் எத்தனை பேர் நர்ஸ், எத்தனை பேர் வாத்தியார் என்று தனியாக எண்ணினால்தான் தெரியும்.