கோழி இன்குபேட்டரில் பால் பைத்தான் முட்டையை வைக்கலாமா?

சென்னைப் புறநகர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நான் வளர்க்கும் பால் பைத்தான் பாம்பு நேற்று இரவு ஏழு முட்டை இட்டிருக்கிறது. நாட்டுக்கோழிக்கு வாங்கிய இன்குபேட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறது, முட்டையைத் தானாகவே திருப்பும் வசதியும் அதில் உண்டு. அதிலேயே வைத்துவிடலாமா? ஒரு முட்டை மட்டும் மஞ்சளாகச் சின்னதாக இருக்கிறது, அதை எடுத்துவிடட்டுமா?"

பெட்டியைப் பயன்படுத்தலாம், ஆனால் கோழிக்கு வைத்திருந்த செட்டிங் ஒன்றுகூட இதற்கு ஆகாது. முதல் வேலையாக அந்தத் திருப்பும் தட்டைக் கழற்றி வெளியே வையுங்கள். கோழி முட்டையை உடைத்து ஊற்றும்போது மஞ்சள் கருவின் இரண்டு பக்கமும் முறுக்கிய நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று தெரியும், பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கருவை நடுவில் பிடித்துவைப்பது அதுதான். பாம்பு முட்டையில் அது கிடையாது. கரு மேல்பக்கத்துத் தோலை ஒட்டி உட்கார்ந்து அங்கேயே ரத்தக்குழாய்களைப் பரப்பும். இட்ட ஓரிரு நாளிலேயே இது ஆரம்பித்துவிடும், அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகலாம். அதனால் முட்டை எப்படிக் கிடக்கிறதோ அதே வாகில் தூக்கி, உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், கடைசி வரை அந்தப் புள்ளி மேலேயே இருக்கட்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தால் பிரிக்க வேண்டாம், கொத்தாகவே வைக்கலாம்.

அந்த மஞ்சள் முட்டை பெரும்பாலும் கூமுட்டைதான். இருட்டில் டார்ச்சை ஒட்டிவைத்துப் பாருங்கள்: கரு கூடிய முட்டையில் உள்ளே இளஞ்சிவப்பாக, நரம்பு நரம்பாக ரத்தக்குழாய் தெரியும், கூமுட்டையில் வெறும் மஞ்சள் வெளிச்சம். தனியாகக் கிடந்தால் எடுத்துவிடுங்கள். மற்றவற்றோடு ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், அதைப் பிய்க்கப் போய் நல்ல முட்டையின் தோலைக் கிழித்துவிடக் கூடாது. பின்னால் அதில் பூஞ்சை வந்தாலும் பக்கத்து முட்டை உயிரோடு இருந்தால் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும்.

இப்போது வெப்பம். கோழிக்கு 37.5 டிகிரி, பால் பைத்தானுக்கு 31 முதல் 32 டிகிரி செல்சியஸ். ஆறு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள், கோழிக்கு வைக்கிற சூட்டில் இது முட்டைக்குள்ளேயே வெந்துவிடும், அதற்குக் கீழே 34, 35 என்று நாள்கணக்கில் ஓடினாலும் முதுகெலும்பு கோணிய குட்டிகள் வரலாம். நம் ஊரில் பிரச்சினையே இங்கேதான் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் எப்படிச் சூடாக்குவது என்று பக்கம் பக்கமாக இருக்கும், மே மாதத்து மதியம் அறையே 36 டிகிரியில் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கத்தான் முடியும், பெட்டியைக் குளிர்விக்க முடியாது. நானே ஒரு வருஷம் மாடி அறையில் வைத்துவிட்டு, ஹீட்டர்தான் அணைந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருந்து, ஐந்து முட்டையைத் தொலைத்தேன். கீழ்த்தளத்தில் வெயில் படாத அறை அல்லது 27 டிகிரிக்கு ஏசி ஓடும் அறை, இரண்டில் ஒன்றைப் பாருங்கள், மீதிச் சூட்டை ஹீட்டர் கொடுக்கும்.

கரன்ட் போனால் பதற வேண்டாம். சில மணி நேரம் 27, 28க்கு இறங்குவதை முட்டை தாங்கும், பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் கெடுதல். காலி இடத்தில் தண்ணீர் நிரப்பிய பாட்டில் நாலைந்து வைத்தால் சூடு சட்டென்று ஏறாது, இறங்காது.

முட்டையை நேராக இன்குபேட்டர் தட்டில் வைக்காதீர்கள், ஃபேன் காற்றில் காய்ந்து சுருங்கிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுத்து, மாடித்தோட்டக் கடையில் கிடைக்கும் வெர்மிகுலைட்டை (ஈரம் பிடித்துவைக்கும் லேசான கனிமத் துகள்) அதே எடைத் தண்ணீரில் கலந்து நிரப்புங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. முட்டையைப் பாதி புதைத்து டப்பாவை மூடி, அதை இன்குபேட்டருக்குள் வையுங்கள். தெர்மோஸ்டாட்டின் சென்சார் டப்பாவுக்குள், முட்டைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். டிஸ்ப்ளேயில் வரும் எண்ணை மட்டும் நம்பாமல் இன்னொரு தெர்மாமீட்டரும் உள்ளே போடுங்கள், மலிவான கருவிகள் ஒன்றிரண்டு டிகிரி பொய் சொல்வது சகஜம். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) வேண்டாம், அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு பூஞ்சைக்கு வழிவிடும். வாரம் ஒருமுறை அரை நிமிஷம் மூடியைத் திறந்தால் போதும், கடைசி இரண்டு வாரம் இரண்டு மூன்று முறை திறக்கலாம், வளர்ந்த குட்டிகளுக்குக் காற்று அதிகம் வேண்டும். ஆரம்பத்திலேயே முட்டை குழிந்தால் ஈரம் குறைவு, முட்டையின் மேல் படாமல் ஓரமாக வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். நாற்பது நாளுக்கு மேல் குழிந்தால் அது இயல்பு.

55 முதல் 60 நாளில் பொரிக்கும். குட்டியின் மூக்கு நுனியில் உள்ள சின்னப் பல் தோலைக் கீறும், தலை வெளியே வரும், அப்புறம் ஒரு நாள், இரண்டு நாள் அப்படியே எட்டிப் பார்த்துக்கொண்டு கிடக்கும். பாவம் மாட்டிக்கொண்டது என்று இழுத்துவிடாதீர்கள்! மிச்ச மஞ்சள் கருவை அது உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. முதல் குட்டி தலை நீட்டி இரண்டு நாளாகியும் ஏதாவது முட்டை அசையாமல் இருந்தால், மேல்பக்கம் சின்னதாக, ரத்தக்குழாயைத் தொடாமல் ஒரு கீறல் போடலாம். அதற்கு முன்னால் ஆசைப்பட்டு வெட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வெளியே வந்த குட்டிகளை ஈர டிஷ்யூ விரித்த டப்பாவில் விடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் முதல் தோல் உரிக்கும், அதன் பிறகுதான் எலிக்குஞ்சு கொடுக்க வேண்டும். (பால் என்றால் பந்து, பயந்தால் உருண்டுகொள்வதால் வந்த பெயர். பால் ஊற்றட்டுமா என்று உங்கள் பாட்டி கேட்டால் தடுத்துவிடுங்கள்.)

காகித வேலையும் இருக்கிறது. நம் காட்டு மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு, ஆனால் அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால் அதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். தாயைப் பதியாமல் வைத்திருந்தால் இன்றே வனத்துறையில் விசாரியுங்கள்.

முட்டையை எடுக்கப் போகும்போது தாய் இன்னும் அதைச் சுற்றிக்கொண்டுதான் கிடக்கும். தலையில் ஒரு துணியைப் போட்டு, சுருளைப் பொறுமையாக வாலிலிருந்து பிரியுங்கள். பிறகு தாயை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கூண்டில் விரித்ததையும் மாற்றிவிடுங்கள், முட்டை வாசனை இருக்கும் வரை அடை காக்கிற நினைப்பிலேயே இரை எடுக்காமல் கிடக்கும். முதல் வேளைக்கு வழக்கத்தை விடச் சின்ன எலியாகக் கொடுங்கள்.