வீட்டில் எங்கே வெட்டுவது?

ஐயா, வணக்கம். செவித்திறன் குறைந்தோர் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொற்கள் நிறையத் தெரியும். ஆனாலும் 'அண்ணன் கடை போ' என்றே எழுதுகிறார்கள். கடைக்கு, கடையில், கடையை எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான். உதட்டசைவைப் படிக்க இன்னும் பழக்கினால் சரியாகுமா?
ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஆகாது என்றே நினைக்கிறேன். 'கடைக்கு' என்பதில் உள்ள 'க்கு' அடிநாக்கில் பிறப்பது, உதட்டில் தெரியாது.

கேட்கும் பிள்ளை உருபுகளைப் பள்ளியில் கற்பதில்லை. 1958இல் ஜீன் பெர்கோ என்ற மொழி ஆய்வாளர் அமெரிக்கக் குழந்தைகளிடம் இல்லாத பிராணி ஒன்றின் படத்தைக் காட்டி, இதன் பெயர் 'வக்', இரண்டு இருந்தால் என்ன என்று கேட்டார். பாலர் பள்ளிக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்து 'வக்ஸ்' என்றனர். காதுவழியே விதி உள்ளே போய்விட்டிருந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகள் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆங்கிலச் சொற்களைப் பகுதி விகுதியாகப் பிரிப்பதில் காது கேளாத கல்லூரி மாணவர்கள், கேட்கும் நடுநிலைப் பள்ளி மாணவர்களோடு ஏறத்தாழச் சமமாக நின்றார்கள். இடைவெளி பெரிதுதான். ஆனால் அது காலத்தின் இடைவெளி, அறிவினுடையது அல்ல. சைகையில் 'கொடு' என்று நகரும் கையின் திசையே யார் யாருக்கு என்பதைச் சொல்லிவிடுகிறதே! நான்காம் வேற்றுமையின் பொருள் அவர்களிடம் இருக்கிறது. 'கு' என்ற வடிவம்தான் இல்லை.

அதைக் கண்வழியே கொடுக்கலாம். அங்கே நம் எழுத்து ஒரு வம்பு செய்கிறது. 'தம்பிக்கு' என்பதை அட்டையில் எழுதிக் கத்தரித்தால் தம்பி தனியே வந்துவிடுவான். 'வீட்டில்' என்பதை எங்கே வெட்டுவீர்கள்? உருபு 'இல்'. அதன் இகரமோ டகரத்தின் மேல்விலங்காகி, 'டி'யின் மேல் வளைவாகிவிட்டது. வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழ வேண்டும். கேட்கும் பிள்ளைக்கு ஒலி துணை நிற்கும். கண்ணை நம்பும் பிள்ளை 'வீட்டி' என்றொரு சொல்லையும் 'ல்' என்றோர் உருபையும் கண்டுபிடித்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

எனவே கடைக்கு, பள்ளிக்கு, தம்பிக்கு என்று சொல் உருமாறாதவற்றில் தொடங்குங்கள், சைகையோடு சேர்த்தே. பிறகு மேல்விலங்கை மட்டும் வேறு நிறத்தில் எழுதி 'இல்' உருபுக்கு வாருங்கள். மரம் மரத்து ஆவதும் வீடு வீட்டு ஆவதும் அதற்கும் பின்னால். எட்டு வேற்றுமைகளையும் ஒரே அட்டவணையாகக் கரும்பலகையில் எழுத வேண்டாம். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வதும் இப்போது வேண்டாம். அது தெரிந்தவனைச் சோதிக்கும், தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்காது.

நடுவில் யாராவது 'மரம்க்கு' என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். உருபு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். 'மரத்துக்கு' பிறகு வரும்.