நகரம் கட்டும் கணினி கேம்களில், நகரம் கட்டுவதைவிட அது எழும் நிலத்தை, அதாவது மேப்பை, செய்வதுதான் பிடித்திருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

எனக்கு உண்டு. இன்னும் சொல்லப்போனால், இந்த வகை கேமே அப்படிப் பிறந்ததுதான். கேம் வடிவமைப்பாளர் வில் ரைட் 1984ல் ஒரு ஹெலிகாப்டர் போர் கேம் செய்தார். குண்டு போடுவதற்கான தீவுகளை வரைய ஒரு எடிட்டரும் செய்து வைத்திருந்தார். போரைவிட அந்தத் தீவுகளில் சாலையும் கட்டடமும் வைப்பதே அவருக்குப் பிடித்துப்போனது. 1989ல் வந்த சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் கேம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நான் மேப் செய்வது 2015ல் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் கேமில். முழு மேப் பக்கத்துக்கு 17.28 கிலோமீட்டர் நீளமுள்ள சதுரம். அதற்கு 1081க்கு 1081 பிக்சல் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போதும். வெளுப்பு கூடினால் உயரம் கூடும். ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் 16 மீட்டர் இடைவெளி. உண்மையான ஊரின் உயரத் தரவும் இலவசமாகக் கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்தது அது.

நான் எடுத்த ஊர் திருச்சி. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு, தென்கரையில் மலைக்கோட்டை. இப்படி ஒரு நிலம் அமைந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? முக்கொம்பையும் கல்லணையையும் ஒரே சதுரத்தில் அடக்க முடியாது என்பதால் கல்லணையை விட்டுவிட்டேன்.

தரவை ஏற்றியதும் வேலை முடிந்துவிடாது, அங்கேதான் தொடங்கும். ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் அளந்திருக்கிறார்கள். 83 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக நிற்கும் மலைக்கோட்டைப் பாறை அதில் மழுங்கிப்போன மேடாகத்தான் வரும். கையால் தூக்கி நிறுத்த வேண்டும். தென்னந்தோப்பின் தலையும் கட்டடத்தின் மாடியும் தரையாகப் பதிவாகியிருக்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் ரேடார் நீர்மட்டத்தையே காட்டும், அடியைக் காட்டாது. ஆற்றை நாமே வெட்ட வேண்டும்.

வெட்டி முடித்து, மேற்கு ஓரத்தில் நீர் ஊற்றை வைத்து ஓடவிட்டேன். தண்ணீர் பெரும்பாலும் கொள்ளிடத்துக்கே போனது. காவிரிப் பக்கம் கொஞ்சம்தான் நனைந்தது. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு. 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதே தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடாமல் தடுக்கத்தான். இதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். ஆனால் திரையில் நீலம் அந்தப் பக்கம் சரிந்து ஓடியதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறகு அணை இருக்கும் அதே இடத்தில் ஒரு மேட்டை உயர்த்தினேன், காவிரியில் தண்ணீர் வந்தது. நகரம் கட்டி விளையாடியபோது எனக்கு ஒருநாளும் இந்த மகிழ்ச்சி கிடைத்ததில்லை.

நீங்கள் தொடங்குவதானால் நடந்து பழகிய ஊரை எடுங்கள். எந்த மேடு பொய், எந்தத் தாழ்வு நிஜம் என்று தரவைப் பார்த்ததுமே தெரியும். நகரம் கட்டத் தொடங்கும் முதல் சதுரத்துக்கு நெடுஞ்சாலை இணைப்பு கொடுத்துவிடுங்கள், அது இல்லாமல் யாரும் குடிவர முடியாது. ரயில், கப்பல், விமானப் பாதைகளை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். மரங்களைக் கடைசியில் நடுங்கள்; நிலத்தை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

இப்போது கல்லணையை நடுவில் வைத்து அடுத்த மேப்பைச் செய்துகொண்டிருக்கிறேன். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று அங்கே தண்ணீர் பிரிகிறது. டெல்டாவில் சரிவு மிகக் குறைவு என்பதால் ஓடாமல் தேங்கி வயலெல்லாம் பரவிவிடுகிறது. கரையை உயர்த்துவதா, படுகையை இன்னும் ஆழப்படுத்துவதா என்று இரண்டையும் முயன்று பார்க்கிறேன். தட்டையான நிலத்தில் ஆறு ஓடவைத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.