மருத்துவப் படப்பிடிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஃபோட்டான்களை, அதாவது கதிரின் துகள்களை, எண்ணும் சி.டி. ஸ்கேன் என்கிறார்களே, அதிலும் எக்ஸ் கதிர்தானே பயன்படுகிறது? அப்படியிருக்கப் புதிதாக என்ன வந்துவிட்டது?

பதில்: கதிர் பழையதுதான், அதை வாங்கிக்கொள்ளும் உணரிதான் புதியது. வழக்கமான சி.டி. கருவியில், உடலைக் கடந்து வரும் எக்ஸ் கதிர் முதலில் ஓர் ஒளிர்பொருளில் பட்டு வெளிச்சமாகி, அந்த வெளிச்சம் பிறகு மின்சைகையாகிறது. வெளிச்சம் பக்கத்து உணரிக்குள் சிதறாமலிருக்க நடுவே மெல்லிய தடுப்புகளை வைக்க வேண்டும். அந்தத் தடுப்பில் பட்ட கதிர், நோயாளியின் உடலைக் கடந்து வந்தும் படத்துக்கு உதவாமல் போகிறது.

2021இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்ற முதல் ஃபோட்டான் எண்ணும் கருவியில் காட்மியம் டெல்லுரைடு படிகம் அந்தக் கதிரை நேரடியாக மின்துடிப்பாக்குகிறது. ஒவ்வொரு ஃபோட்டானும் தனித்தனியாக எண்ணப்படுவதோடு, அதன் ஆற்றல் எவ்வளவு என்பதும் பதிவாகிறது. இதன் பயனை இதயத் தமனியில் பார்க்கலாம். தமனிச் சுவரில் படிந்த கால்சியம் பழைய படங்களில் தன் அளவைவிடப் பருத்துத் தெரிவதால், பாதி திறந்திருக்கும் குழாய்கூட ஏறக்குறைய அடைபட்டதுபோல் தோன்றக்கூடும். உணரிகள் நுண்ணியவையாகும்போது அந்தப் பருமன் குறைகிறது. ஆற்றலைப் பிரித்தறிவதால் கால்சியத்தையும், குழாயில் செலுத்திய அயோடின் மருந்தையும் வேறுபடுத்திக் காண முடிகிறது. செயற்கை நுண்ணறிவைப் பற்றியே எல்லாரும் பேசினாலும், என் கணிப்பில் இதுவே பெரிய மாற்றம். உணரி தவறவிட்ட தகவலை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

கேள்வி: இனிமேல் ஸ்கேன் படங்களைக் கணினியே படித்துவிடுமா?

பதில்: படிப்பதைவிட, எதை யார் படிக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதில்தான் அது இப்போது கைகொடுக்கிறது. ஸ்வீடனில் 80,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மார்பகப் பரிசோதனை ஆய்வின் இடைக்கால முடிவுகள் 2023இல் வெளியாயின. வழக்கப்படி ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பார்கள். இங்கே புற்றுநோய் குறித்த ஐயம் குறைவென்று மென்பொருள் கணித்த படங்களை ஒருவரும், மிகுந்தவற்றை இருவரும் பார்த்தார்கள். படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டறியப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை. எல்லாப் படங்களையும் ஒரு மருத்துவராவது பார்த்தார் என்பதைச் செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் விழுங்கிவிட்டன.

ஆனால், மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தரும் மென்பொருளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பயிற்சியில் பார்த்த படங்களின் சாயலில்தான் அது இரைச்சலை, அதாவது படத்தை மங்கலாக்கும் தேவையற்ற புள்ளிகளை, நீக்குகிறது என்பதால், சிறிய கட்டி ஒன்று இரைச்சலோடு சேர்ந்து துடைக்கப்படவும், படம் பார்ப்பதற்கு மட்டும் அழகாக இருக்கவும் வாய்ப்புண்டு.

கேள்வி: படுக்கையருகே தள்ளி வரும் எம்.ஆர்.ஐ. உண்மையில் சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான், பயன்பாட்டிலும் இருக்கிறது. வழக்கமான கருவியின் காந்தப்புலம் 1.5 அல்லது 3 டெஸ்லா, இதில் 0.064 டெஸ்லா மட்டுமே. காந்தம் வலுவற்றது என்பதால் தனியறையும் குளிரூட்டும் ஹீலியமும் தேவையில்லை. சைகையும் அதற்கேற்பச் சன்னமாகவே வருகிறது. மூளையில் பெரிய இரத்தக்கசிவு இருக்கிறதா என்று, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நகர்த்த முடியாத ஒருவருக்கு அவசரமாகப் பார்க்க அது உதவும். நுண்ணிய மாற்றங்களைத் தேட, நோயாளியைப் பெரிய கருவியிடம் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும்.