கொசுவின் உடம்பில் வாழும் பாக்டீரியாவை வைத்து டெங்குவைத் தடுக்க முடியுமா?

முடியும். செய்தும் காட்டிவிட்டார்கள். இதில் முக்கியமானது வொல்பாக்கியா, பல பூச்சிகளின் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா. 1924-லேயே கியூலக்ஸ் கொசுவில் இதைக் கண்டார்கள். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தியில் இயற்கையாக இது இல்லை. அதனால் பழ ஈயிலிருந்து எடுத்து, மிக நுண்ணிய ஊசியால் ஏடிஸ் முட்டைக்குள் செலுத்தினார்கள்.

அப்புறம் நடப்பதுதான் சுவாரசியம். வொல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிக்காது. பெண்ணிடம் இருந்தாலோ முட்டைகள் பொரிக்கும், குஞ்சுகளுக்கும் பாக்டீரியா போய்விடும். ஆக, போதிய அளவு கொசுக்களை விட்டால் தலைமுறைக்குத் தலைமுறை இந்தப் பாக்டீரியா தானாகப் பரவும். இந்தக் கொசுக்களும் கடிக்கத்தான் செய்யும் (அதில் மாற்றமில்லை!), ஆனால் அவற்றுக்குள் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் இடையே கொழுப்புச் சத்துக்கான போட்டியும், கொசுவின் எதிர்ப்புசக்தி தூண்டப்படுவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நடந்த சோதனையில், இந்தக் கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021-ல் முடிவு வெளியானது. ஆண் கொசுக்களை மட்டும் விட்டுக் கொசுத்தொகையையே குறைக்கும் முறையும் உண்டு, ஆனால் அதில் ஆண்களைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சிக்கலும் இருக்கிறது. கொசுப்புழு வளரும் தண்ணீர் அதிகம் சூடானால் சில வொல்பாக்கியா வகைகள் குறைந்துபோகும்.

மலேரியா பக்கம், கொசுவின் குடலில் வாழும் டெல்ஃப்டியா என்ற பாக்டீரியா ஹார்மேன் என்ற பொருளைச் சுரந்து ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுப்பதாக 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. இது இன்னும் ஆரம்ப கட்டம்தான்.